கொஞ்சம் சருகு மிச்சம் வையுங்கள்



புரட்டாசி பாதி கடந்ததும் நம் அலுவலகக் கைபேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், படிக்கட்டுக்கு அடியில், குளியலறை ஜன்னல் திட்டில், ஜவுளிக் கடை ஷட்டரின் ஓரத்தில் என்று இடம் மட்டும் மாறும். பறவை ஒன்றேதான். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு குட்டை வால், கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கூடவே வரும் கேள்வியும் ஒன்றுதான்: “சார், யாரோ கூண்டில் வளர்த்த வெளிநாட்டுப் பறவை தப்பி வந்துவிட்டதா?”

தப்பி வரவில்லை, ஊருக்கு வந்திருக்கிறது. இமயமலை அடிவாரத்திலோ மத்திய இந்தியக் காடுகளிலோ குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தெற்கே கழிக்க இரவில் பறந்துவந்து, களைத்துப்போய்க் கிடைத்த இடத்தில் இறங்கிய ஆறுமணிக் குருவி அது. விடியும்போதும் அந்தி சாயும்போதும், ஏறக்குறைய ஆறு மணியை ஒட்டி, இரண்டு சுரத்தில் தெளிவாகச் சீழ்க்கையடிக்கும். அதனால் இந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே ‘நவ்ரங்’, ஒன்பது நிறத்தான். இலங்கையில் சிங்கள மக்களிடம் ஒரு கதை உண்டு: கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று மயில் இந்தக் குருவியின் உடையை இரவல் வாங்கிப் போனதாம், திருப்பித் தரவே இல்லையாம். அந்த முறையீட்டைத்தான் தினமும் இரண்டு வேளை சொல்லிக்கொண்டிருக்கிறதாம். இரவல் கொடுத்த பிறகு மிஞ்சியதே இத்தனை நிறம் என்றால், கொடுக்கும் முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இதழின் அட்டையில் இருப்பது அதுதான். ஆனால் நான் இந்தப் பக்கத்தில் பேச வந்தது அதன் அழகைப் பற்றி அல்ல, அதன் சாப்பாட்டைப் பற்றி.

ஆறுமணிக் குருவி ‘பிட்டா’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் நம் பக்கத்துத் தெலுங்கிலிருந்து போனது; அங்கே ‘பிட்ட’ என்றால் சின்னப் பறவை, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரையிலும், தெற்கே ஆஸ்திரேலியா வரையிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எத்தனை என்பது எண்ணுகிற நிபுணரைப் பொறுத்து மாறும். ஆப்பிரிக்காவில் இரண்டே இரண்டு. பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளில். நீலப் பிட்டா, முகமூடி போட்டது போன்ற கறுந்தலைப் பிட்டா, அலையாத்திக் காட்டில் நண்டு உடைத்துத் தின்னும் பிட்டா என்று ஆளுக்கொரு கோலம். எல்லாவற்றுக்கும் பொது, காட்டின் தரைதான் வாழ்க்கை என்பது. பாடுவதற்கும் இரவில் அடைவதற்கும் மரக்கிளைக்கு ஏறும். மற்ற நேரமெல்லாம் நீண்ட கால்களால் தத்தித் தத்தி, நிழலில், சருகுக்கு நடுவில்.

இவ்வளவு நிறத்தோடு தரையில் திரிகிற பறவையைக் கண்ணால் காண்பது ஏன் இவ்வளவு கடினம் என்று பலர் கேட்பார்கள். நிறங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நம் ஆறுமணிக் குருவிக்குச் சிவப்பு முழுவதும் வயிற்றுப் பக்கம். சிறகில் உள்ள வெள்ளைத் திட்டு பறக்கும்போது மட்டுமே தெரியும். ஆபத்து என்று தோன்றினால் அது செய்வது ஒன்றுதான்: முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். பச்சை முதுகு புதரோடு கலந்துவிடும். நீங்கள் மூன்றடி தள்ளி நின்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சாப்பிடுவதைப் பார்க்கக் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். தலையைச் சாய்த்து நிற்கும். பிறகு அலகால் ஒரு சருகை எடுத்து ஓரமாக எறியும், அடுத்த சருகு, அதற்கடுத்தது. ஈரமாகக் கறுத்துக் கிடக்கும் அடி அடுக்கு வந்ததும் அலகை ஊன்றி இழுக்கும். மண்புழு, மரவட்டை, நத்தை, வண்டுப் புழு, கரையான், சிலந்தி என்று எது அகப்பட்டாலும் சரி. கிழக்கு ஆசியாவில் கூடு கட்டும் தேவதைப் பிட்டா குஞ்சுகளுக்கு ஊட்டுவதில் பெரும்பங்கு மண்புழுதான். ஆஸ்திரேலியாவில் ஒரு பிட்டா, நத்தையைக் கவ்விக்கொண்டு போய் ஒரே கல்லில் அடித்து அடித்து உடைக்கும். அந்தக் கல்லைச் சுற்றி ஓட்டுக் குப்பை கிடக்கும். அதே நாட்டின் வானவில் பிட்டா கூட்டு வாசலில் வாலபி என்ற சிறு கங்காருவின் சாணத்தைக் கொண்டுவந்து பரப்பி வைக்கும். குஞ்சுகளின் வாசனை பாம்புக்கு எட்டாமல் இருக்க என்று ஒரு கருத்து உண்டு. பிட்டாக்களுக்கு மூளையில் மோப்பத்துக்கான பகுதி மற்ற பல சிறு பறவைகளைவிடப் பெரியது என்பதால், மண்ணுக்குள் இருக்கும் புழுவை மோந்தே கண்டுபிடிக்கின்றனவோ என்றும் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

இனி அதன் பயணத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். வடக்கே தென்மேற்குப் பருவமழை இறங்கி மண் நெகிழ்கிற ஜூன், ஜூலையில் அது அங்கே கூடு கட்டுகிறது: குச்சியும் இலையும் சேர்த்துப் பந்து போல, பக்கவாட்டில் வாசல் வைத்து. அங்கே மழை ஓய்ந்து தரை இறுகத் தொடங்கும்போது கிளம்புகிறது. இங்கே வந்து சேரும்போது நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். ஐப்பசி அடைமழையில் ஊறிய தரைதான் அதற்கு இங்கே போடப்படும் இலை. சித்திரை வெயிலில் தரை கட்டாந்தரையாகும்போது மறுபடி வடக்கே. நாட்டின் இரண்டு மழையையும் சாப்பிடுகிற பறவை என்று இதை நான் சொல்வதுண்டு.

அதனால்தான், தரை போனால் பிட்டாவும் போய்விடும். இதற்கு ஒரு கதை இருக்கிறது. அதில் நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமான ஒருவர் வருகிறார்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றால் 1885, காங்கிரஸ், ஒரு மதிப்பெண் கேள்வி. அவர் அந்தக் காலத்து இந்தியாவின் மிகப் பெரிய பறவையியலாளர் என்பது பாடப்புத்தகத்தில் வராது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த அவருடைய கையெழுத்துப் பிரதிகளை ஒரு வேலைக்காரர் கடை வீதியில் பழைய காகிதமாக விற்றுவிட்டார். மனம் வெறுத்துப்போன ஹியூம் 75,000-க்கும் மேற்பட்ட பறவைப் பதனங்களை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் அதே 1885-இல்தான். அரசியலுக்குக் கிடைத்தது பறவைக்கு நஷ்டம்.

அந்த ஹியூம் 1875-இல் உலகுக்கு அறிவித்த பறவைகளில் ஒன்று, தெற்குப் பர்மாவின் தெனாசெரிமில் அவருடைய சேகரிப்பாளர் வில்லியம் டேவிசன் கொண்டுவந்த ஒரு பிட்டா. ஆணுக்கு நீல உச்சி, கறுப்பு முகம், மஞ்சள் விலா. நார்விச் நகரத்து வங்கி உரிமையாளரும் பறவை ஆர்வலருமான கர்னியின் பெயரை அதற்கு வைத்தார். தாய்லாந்திலும் பர்மாவிலும், அதுவும் கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளிக் காட்டில் மட்டுமே வாழும் பறவை. சமவெளிக் காடு என்பது மனிதன் முதலில் கை வைக்கிற காடு. 1952-க்குப் பிறகு காட்டில் அதைப் பார்த்தவர் இல்லை. ஆனால் பாங்காக்கின் பறவை வியாபாரிகளிடம் மட்டும் எப்போதாவது ஒன்று வந்துகொண்டிருந்தது. இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு பறவை ஆய்வாளர்கள் ஃபிலிப் ரவுண்டும் உதாய் த்ரீசுகோனும் விசாரித்துக்கொண்டே போனார்கள். 1986-இல் தெற்குத் தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில், காவ் நோ சூச்சி என்ற இடத்தில் கூட்டோடு கண்டுபிடித்தார்கள். பறவை உலகம் கொண்டாடியது. அந்த இடம் சரணாலயமானது.

சரணாலயம் என்று பலகை வைத்த பிறகும் சுற்றியிருந்த சமவெளிக் காடு ரப்பரும் எண்ணெய்ப்பனையுமாக மாறிக்கொண்டே இருந்தது. கண்டுபிடித்தபோது சில பத்து ஜோடிகள் இருந்தன. அவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, இன்று தாய்லாந்தில் அந்தப் பறவை இல்லை என்றே சொல்ல வேண்டும். 2003-இல் பர்மா பக்கத்தில் மறுபடி கண்டுபிடித்தார்கள், மறுபடி மகிழ்ச்சி. அங்கேயும் எண்ணெய்ப்பனை போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் பச்சை உண்டு, நிழலும் உண்டு. பிட்டாவுக்கு வேண்டிய தரைதான் அங்கே இல்லை. உலகிலேயே அதிகம் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நம் ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட் அந்தக் குறிப்பிட்ட காட்டிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வியாபாரத்துக்கு வெளியே நாம் நிற்கவும் இல்லை.

பக்கத்திலேயே இன்னொன்று. நிக்கோபார் தீவுகளுக்கென்றே ஒரு கறுந்தலைப் பிட்டா இருக்கிறது. வேறெங்கும் கிடையாது. பெரிய நிக்கோபாரில் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் நகரத்துக்குமாகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்கத் திட்டம். இழக்கும் காட்டுக்கு ஈடாக வேறு மாநிலத்தில் மரம் நடுவார்களாம். நடட்டும், நல்லதுதான். அந்தப் பிட்டா அங்கே போய்ச் சேராது.

நம் ஆறுமணிக் குருவிக்கு அப்படி உடனடி ஆபத்து இல்லை. பரந்து வாழ்கிறது, அழியும் பட்டியலில் இல்லை. அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டம், கிண்டி, கோடியக்கரை, கடல் தாண்டினால் கொழும்பின் வீட்டுத் தோட்டங்கள் என்று மரமும் நிழலும் உள்ள இடங்களில் இன்றும் குரல் கேட்கலாம். அதற்கு இடையூறுகள் வேறு வகை. அவற்றில் இரண்டு நம் கையில் இருக்கின்றன.

முதலாவது வெளிச்சமும் கண்ணாடியும். பிட்டாக்கள் இரவில் பயணம் போகிறவை. இது புதிய செய்தி அல்ல. மலாக்கா நீரிணையின் கலங்கரை விளக்கத்திலும் மலேசியாவின் ஃபிரேசர் மலை விளக்குகளிலும் பிட்டாக்கள் வந்து விழுவதை முந்தைய தலைமுறை ஆய்வாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று சிங்கப்பூரில் கட்டடங்களில் மோதிச் சாகும் வலசைப் பறவைகளில் நீலச்சிறகுப் பிட்டா முன்வரிசையில் நிற்கிறது. சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் அக்டோபர், நவம்பரில் விடிகாலை நடைப்பயிற்சியின்போது கண்ணாடிக் கட்டடங்களின் அடியில் ஒரு பார்வை பாருங்கள். சென்னையிலும் கோவையிலும் கண்ணாடிச் சுவர்கள் கூடிக்கொண்டே போகின்றன. அலுவலக நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஆளில்லாத மாடிகளின் விளக்கை இரவில் அணைத்தால் மின் கட்டணமும் மிச்சம்.

இரண்டாவது துடைப்பம்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. விடிந்ததும் வாசல் பெருக்குவது நமக்கு மங்கலம். வாசலை நான் சொல்லவில்லை. தோட்டத்தைச் சொல்கிறேன், பூங்காவைச் சொல்கிறேன், கல்லூரி வளாகத்தைச் சொல்கிறேன். மாமரத்தின் கீழ் ஒரு சருகு கிடக்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம் நமக்கு எப்போதோ வந்துவிட்டது. முன்பு துடைப்பத்தோடு நின்றது. இப்போது இலையை ஊதித் தள்ளும் இயந்திரம் முதுகில் ஏறிவிட்டது. குவித்ததைக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள், இல்லாவிட்டால் மூலையில் கொளுத்துகிறார்கள். பிறகு மண் காய்கிறது, மரம் வாடுகிறது என்று லாரித் தண்ணீரும் மூட்டை உரமும் வாங்குகிறார்கள். மரம் தன் கையால் தனக்குப் போட்டுக்கொண்ட உரத்தைக் கொளுத்திவிட்டுக் காசு கொடுத்து வேறு உரம் வாங்கும் இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இதற்கும் மேலே சில குடியிருப்புகளில் தரையே வேண்டாம் என்று சுவரிலிருந்து சுவர்வரை கல் பதித்துவிட்டார்கள். பறவை இறங்கினால் அதன் காலுக்குக் கீழே கல்தான்.

சருகு குப்பை அல்ல என்பதை எழுதி எழுதி நம் இதழுக்கே அலுத்திருக்கும். ஒரு சாண் உயரச் சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே மொறுமொறுப்பு, நடுவில் பூஞ்சை படர்ந்து நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அடியில் கறுத்த ஈரப் பொடி. அந்த அடி அடுக்கில்தான் புழு. வெயில் நேராக மண்ணில் படாததால்தான் அது அங்கே இருக்கிறது. வாரம் ஒரு முறை சுத்தமாகக் கூட்டும் இடத்தில் இந்த அடுக்கு உருவாக அவகாசமே இல்லை. மேலே எத்தனை மரம் நின்றாலும் ஆறுமணிக் குருவிக்கு அது சோறில்லாத வீடு.

பாம்பு வருமே, கொசு வருமே என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. வீட்டுச் சுவரையும் நடைபாதையையும் ஒட்டிச் சருகைக் குவிக்காதீர்கள். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம். மதில் மூலை, புதரின் அடி, பெரிய மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போதும். அங்கே கை வைக்கும்போது ஒரு குச்சியால் கிளறிவிட்டு வையுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தண்ணீரில். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, கவிழ்ந்து கிடக்காத பாக்குமட்டை ஆகியவற்றில். அவற்றை எடுத்து அப்புறப்படுத்துங்கள். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சருகில் தண்ணீர் நிற்காது, கீழே இறங்கிவிடும்.

இனி, களைத்துப்போன குருவி உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் என்ன செய்வது? காக்கையும் பூனையும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்திறங்கும் பிட்டாவைக் காக்கைக் கூட்டம் விரட்டி விரட்டிக் கொத்தும். ஒரு மெல்லிய துணியைப் போட்டு மெதுவாக எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்; மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சோறும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் அது தத்தும் சத்தம் கேட்டதும், அருகில் புதரும் நிழலும் உள்ள இடத்தில் தரையில் வைத்துத் திறந்துவிடுங்கள், தூக்கி எறியாதீர்கள். சிறகு தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாயிருக்கிறதே என்று வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு: இது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பறவை, கூண்டில் வைப்பது குற்றம். அதைவிட, நாள் முழுக்கச் சருகு கிளறி வாழ்கிற ஒன்றுக்குக் கூண்டில் நாம் என்னத்தைப் போடப் போகிறோம்?

புகைப்படக்காரர்களான வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கும் பழக்கம் பெருகிவிட்டது. எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறது. ஒருவர் செய்தால் போகட்டும் என்று விடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே புதரை இருபது பேர் சுற்றி நின்றால் அது எங்கே போகும்? அந்தி ஆறு மணிக்கு அதுவாகவே கிளைக்கு வந்து பாடும். காத்திருங்கள்.

வழக்கம்போல இந்த ஆண்டும் உங்கள் குறிப்புகளைக் கேட்கிறோம். எந்த ஊர், எந்தத் தேதி, பார்த்தீர்களா கேட்டீர்களா, அது நின்ற தரை மண்ணா சருகா சிமென்ட்டா, இவ்வளவும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். பங்குனி, சித்திரையில் கடைசியாக எப்போது குரல் கேட்டது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். வருகையை எழுதுகிற நாம் போவதை எழுதுவதே இல்லை. படம் இருந்தால் அனுப்பலாம். கூட்டின் படத்தையும், கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தையும் வெளியிடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்